மலையேறும் வண்டியும் மாதக் கணக்கும்

ஒரு வீட்டின் வரவு செலவை அறியச் சமையலறையைப் பார்த்தாற் போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று சமையலறையோடு வாசலில் நிற்கும் வண்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரிசியும் பருப்பும் விலையேறினால் இல்லத்தரசி அளவைக் குறைத்துச் சமாளித்துக்கொள்கிறாள். வண்டியிடம் அந்தச் சமாளிப்புச் செல்லாது. வார்த்தால் ஓடும், வாராவிட்டால் நிற்கும். ஆகவே அதன் வயிற்றின் அளவை வாங்குமுன்னரே அறிந்துகொள்வது குடும்பத்தை நடத்துவோரின் கடமையாகிறது.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பகுதிகளில் இப்போது பலர் விரும்பி வாங்குவது குரோஸ்ஓவர் எனப்படும் சிறு வண்டியாகும். காரின் உடலும் ஜீப்பின் நிமிர்வும் கலந்த தோற்றம் அதற்கு. ஹொண்டா வெசல், டொயோட்டா ரைஸ் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. இரண்டினதும் அடிப்பாகம் நிலத்திலிருந்து 185 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. சாதாரணச் சிறு காருக்கு இது பெரும்பாலும் 150 முதல் 160 வரையே. இந்த இரண்டு விரற்கடை வேறுபாடு கொழும்பில் அழகு, மடுல்சீமையில் அவசியம். மழை அரித்த தோட்டத்து வீதியில், நடுவே கல் துருத்திக்கொண்டிருக்கும் ஏற்றத்தில், வண்டியின் அடி தட்டாமற் போவதன் அருமையை அவ்வழி போனவரே அறிவர்.

இவ்வண்டியின்மேல் வைக்கும் ஆசையை ஆடம்பரம் என்று இகழ்வதற்கில்லை. தோட்டங்களிலே பிறந்து, படித்து, இன்று ஆசிரியர்களாகவும் தாதியராகவும் வங்கி உத்தியோகத்தராகவும் கடமையாற்றும் இளைஞர் பலர், நான்கு தலைமுறையாக மலையை நடந்தே ஏறிய குடும்பங்களின் பிள்ளைகள். நள்ளிரவில் பேறுகாலத் தாயைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லத் தோட்டத்து லொறியைத் தேடி ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள். அவ்வீட்டு வாசலில் முதலாவது வண்டி வந்து நிற்கும் நாள் ஒரு திருநாளே. ஆனால், கணக்குப் பாராது வாங்கிய வண்டியின் தவணையைக் கட்ட இயலாமல், மூன்றாம் ஆண்டில் நிதி நிறுவனத்தார் அதனை எடுத்துச் செல்வார்களாயின், போவது வண்டி மாத்திரமன்று. முற்பணமாகக் கொடுத்த தாயின் சேமலாப நிதியும், அதாவது முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்த கைகளின் உழைப்பும், அதனோடு போய்விடுகிறது. ஆதலின் இவ்வாரம் இதன் கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பட்டியலில் உள்ள எண்

வண்டி பார்க்கப் போகின்றவர் முதலிற் கேட்கும் கேள்வி, "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்பதே. விற்பவரும் விடையை ஆயத்தமாக வைத்திருப்பார். முதலாம் தலைமுறை வெசல் ஹைபிரிட் வண்டிக்கு யப்பானில் வெளியிட்ட எண் லீற்றருக்கு 27 கிலோமீற்றர். ரைஸ் ஹைபிரிட்டுக்கு 28. ஒரு லீற்றர் டேர்போ எந்திரம் பூட்டிய ரைஸ் வண்டிக்கு 18.6.

இவ்வெண்கள் பொய்யல்ல; ஆனால் நம்முடைய வீதிக்கு உரியனவுமல்ல. அவை ஆய்வுக்கூடத்திலே வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, குறித்த ஓர் ஒழுங்கின்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பெற்றவை. அந்த ஒழுங்கில் மலை இல்லை. தெமோதரை வளைவு இல்லை. எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்படும் சங்கடமும் இல்லை. அன்றியும், வெசலின் 27 என்பது ஜே.சி.08 என்னும் பழைய முறையால் அளந்தது; ரைஸின் 28 என்பது டபிள்யூ.எல்.ரி.சி. என்னும் பிந்திய, சற்றுக் கடுமையான முறையால் அளந்தது. ஒரே முழக்கோலால் அளக்காத இரு துணிகளை நீளம் ஒப்பிடுவது எப்படிப் பொருந்தாதோ அப்படியே இவ்விரண்டையும் ஒப்பிடுவதும் பொருந்தாது.

நூறு மீற்றருக்கு ஒரு கோப்பை

மலை எவ்வளவு பெற்றோலைக் குடிக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பாடசாலையிற் படிக்கும் பௌதிகவியலைக்கொண்டே கணக்கிடலாம். வண்டியும் அதில் ஏறியிருக்கும் நால்வரும் சேர்ந்து 1300 கிலோகிராம் என்று கொள்வோம். இப்பாரத்தை 1000 மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 1 கோடி 27 இலட்சம் யூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம் யூல் அடங்கியிருக்கிறது. ஆனால் எந்திரம் அதில் முப்பது வீதமளவையே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் நீர்த்தொட்டி வழியாகவும் போய்விடுகிறது. கணக்கை முடித்துப் பார்த்தால், 1000 மீற்றர் ஏறுவதற்கு மட்டும் ஒன்றேகால் லீற்றருக்குச் சற்று அதிகமாக வேண்டியிருக்கிறது.

இதனை நினைவில் வைக்க எளிய வழி ஒன்றுண்டு. நூறு மீற்றர் உயரம் ஏறுந்தோறும் வண்டி ஒரு சிறு தேநீர்க்கோப்பை பெற்றோலை மேலதிகமாகக் குடிக்கிறது. தேயிலை நாட்டவருக்கு இவ்வளவை விளக்க வேண்டியதில்லை.

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1230 மீற்றர். அப்புத்தளை 1430 மீற்றர். பதுளையில் வாழ்ந்து பண்டாரவளைப் பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தினமும் காலையில் 550 மீற்றர் ஏறுகிறார். அதாவது ஐந்தரைக் கோப்பை. தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். சமநிலத்தில் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் தரும் வண்டி இவ்வழியில் மேலே போகையில் பன்னிரண்டரையே தரும். வண்டியில் குற்றமில்லை, ஓட்டுபவரிலும் குற்றமில்லை. மலை தன் கூலியை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

உயரம் செய்யும் வேறொரு வேலையும் உண்டு. அப்புத்தளை உயரத்தில் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 85 வீதமே. சாதாரண எந்திரம் அங்கே மூச்சுக் குறைந்து தன் வலுவிலும் அவ்வளவை இழக்கிறது. டேர்போ எந்திரம் காற்றை அமுக்கி உட்செலுத்துவதால் அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்கிறது. சிறு எந்திரம் பூட்டிய வண்டியை நான்கு பேருடனும் மரக்கறி மூட்டையுடனும் மலையேற்ற நினைப்பவர், வாங்குமுன் வெற்று வண்டியில் நகருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் திருப்தியடையலாகாது. குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

இறக்கத்தில் திரும்பக் கிடைப்பது

"ஏறியதற்கு ஈடாக இறங்கும்போது மிச்சம் கிடைக்குமே" என்பர். கிடைக்கும், ஆனால் முழுதும் கிடைக்காது. கடன் வாங்கிய உறவினர் போல மலை ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிட்டு மீதியை மறந்துவிடும். வளைவு தோறும் பிறேக்கை அழுத்துகிறோம். அழுத்தும் ஒவ்வொரு முறையும், காலையிற் காசு கொடுத்து ஏற்றிய உயரம் வெப்பமாகிக் காற்றோடு கலக்கிறது.

ஹைபிரிட் வண்டியின் சிறப்பு இவ்விடத்திலேதான். அது அந்தச் சக்தியில் ஒரு பங்கைப் பிடித்து மின்கலத்தில் சேர்த்துவைக்கிறது. ஏறியும் இறங்கியும் போகும் குறு மேடுகளில் இதனால் நல்ல இலாபமுண்டு. நீண்ட இறக்கத்திலோ சேர்த்துவைக்க இடம் போதாது. எல்லவிலிருந்து வெல்லவாய வரை ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகிறோம். அவ்வளவு உயரத்தில் பாரமேற்றிய வண்டி ஒன்றுக்கு உள்ள சக்தி, மின்சாரப் பட்டியலின் மொழியிற் சொன்னால், மூன்று அலகு. அதிற் பாதி தரையின் தடைக்கும் காற்றின் தடைக்கும் போனாலும் ஒன்றரை அலகு மிஞ்சும். முதலாம் தலைமுறை வெசலின் மின்கலமோ முழுதாக ஓர் அலகும் கொள்ளாது. அடிவாரம் வருமுன்னே அது நிரம்பிவிடும். எஞ்சியதைப் பிறேக்கே தாங்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைக் கண்டித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் வண்டியை உருளவிடுவோர் இன்றும் உளர். பழைய கார்புரேற்றர் வண்டிகளின் காலத்து நம்பிக்கை இது. இக்காலத்து எந்திரத்தில், கியர் பூட்டியிருக்க அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோல் உட்செல்வது தானாகவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எந்திரம் அணையாதிருக்கப் பெற்றோல் வேண்டும். ஆகவே நியூட்ரல் மிச்சமுமன்று, பாதுகாப்புமன்று. எந்திரத்தின் பிடி இல்லாத வண்டியின் முழுப் பாரத்தையும் பிறேக் ஒன்றே தாங்கி, சூடேறி, பிடி தளர்ந்துவிடும். 2021 மார்ச்சில் பசறை – லுணுகலை வீதியிலும், 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ் வண்டிகள் பள்ளத்தில் வீழ்ந்து, ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அவற்றின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் இம்மலைச் சரிவுகள் பிழையை மன்னிப்பதில்லை என்பதை அவை நமக்கு உணர்த்தின. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லொறிச் சாரதிகளின் பாடம். தானியங்கிக் கியர் வண்டிகளில் 'எல்' அல்லது 'பி' என்று குறித்த நிலை இதற்காகவே உள்ளது.

கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா?

இனி, கேள்வியையே மாற்றிப் போடுவோம். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதை விட்டு, கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா என்று கேட்போம். ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 12,000 கிலோமீற்றர் ஓட்டம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று கணக்கின் வசதிக்காகக் கொள்வோம். விலை மாறும்போது வாசகர் அவ்வெண்ணை மாற்றிக்கொள்க. மலைநாட்டு ஓட்டத்தில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து சராசரியாக லீற்றருக்கு 14 கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 857 லீற்றர். செலவு ஏறத்தாழ 2 இலட்சத்து 57 ஆயிரம் ரூபா. பட்டியலில் உள்ள 27ஐ நம்பித் திட்டமிட்டவர் 444 லீற்றர் என்று எண்ணியிருப்பார். ஆண்டொன்றுக்கு 1 இலட்சத்து 23 ஆயிரம் ரூபாவுக்கு மேல் துண்டு விழும்.

இதனோடு முடியவில்லை. டயர், பிறேக் கட்டை, எண்ணெய் மாற்றம், சேர்விஸ் ஆகியவற்றுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியவற்றுக்கு 1 இலட்சம். மின்கலம் பழுதுறும் நாளுக்காக ஒதுக்கிவைப்பது 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 இலட்சத்து 37 ஆயிரம். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 45 ரூபா. இதன்மேல் மாதம் ஓர் இலட்சம் ரூபா தவணை கட்டுபவராயின், ஆண்டுக்கு மேலும் 12 இலட்சம். அப்போது ஒவ்வொரு கிலோமீற்றரும் 145 ரூபாவை விழுங்குகிறது. அதில் பெற்றோலின் பங்கு ஏழில் ஒன்றே!

லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூடுமா குறையுமா என்று தேநீர்க்கடையில் மணிக்கணக்காக வாதிடும் நண்பர்கள், தவணைப் பத்திரத்தில் வட்டி வீதத்தை ஒருமுறை வாசிப்பதற்குச் சோம்புகிறார்கள். ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். நாமோ துளியை அளந்துவிட்டு குடத்தைக் கவிழ்க்கிறோம்.

பழைய வண்டி வாங்குவோர் மேலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டில் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வந்த ஹைபிரிட் வண்டிகளுக்கு இப்போது பத்து வயது கடந்துவிட்டது. ஹைபிரிட் அல்லாத வண்டி லீற்றருக்கு 10 தர, ஹைபிரிட் 14 தருமாயின், மேற்கண்ட ஓட்டத்துக்கு ஆண்டில் மிச்சமாவது ஏறத்தாழ 1 இலட்சம் ரூபா. மின்கலம் மாற்ற 5 இலட்சம் ஆகுமெனின் ஐந்து ஆண்டு மிச்சமும் அதற்கே சரி. ஆகையால் வாங்குமுன் மின்கலத்தின் நிலையைக் கருவி வைத்துப் பரிசோதித்துச் சொல்லும் கராஜ் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுசெல்க. அதற்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபா வீண்செலவன்று.

2022 கற்பித்த பாடம்

சிக்கனம் என்பது பணத்தைப் பற்றிய செய்தி மாத்திரமன்று என்பதை 2022ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. 2021இன் தொடக்கத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபா. 2022 ஜூன் இறுதியில் அது 470 ரூபாவாயிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவாக்கப்பட்டபோது, ஒரு நாள் உழைப்பு ஏழு லீற்றர் பெற்றோலுக்குச் சமமாக இருந்தது. பதினைந்து மாதங்களின் பின் அதே உழைப்பு இரண்டு லீற்றருக்குச் சற்று மேல். பெற்றோல் வாங்காதவரையும் இது விடவில்லை. முச்சக்கர வண்டியின் கூலியாகவும் கடைச் சாமானின் விலையாகவும் வந்து லயத்து வாசலைத் தட்டியது.

அவ்வாண்டு கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று முதலில் வகுத்தனர். லீற்றருக்கு 10 ஓடும் வண்டிக்கு அது 200 கிலோமீற்றர். 14 ஓடும் வண்டிக்கு 280. பசறையிலிருந்து பதுளைக்கு வைத்தியம் பார்க்க வரவேண்டிய நோயாளி உள்ள வீட்டில் அந்த 80 கிலோமீற்றரின் பெறுமதியை ரூபாவில் எழுத முடியாது. அம்முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. அதனோடு அப்பாடத்தையும் மறந்துவிடலாகாது.

வாசகர் செய்யத்தக்கவை

முதலாவது, கையேடு ஒன்று வையுங்கள். தாங்கியை நிரப்பி, குழாய் தானாக நின்றதும் நிறுத்தி, மீற்றரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, ஓடிய தூரத்தை வார்த்த லீற்றரால் வகுங்கள். மூன்று நான்கு முறை செய்து பார்த்தால் உங்கள் வண்டியின் உண்மை எண் தெரியும். அது திடீரெனக் குறையுமாயின் டயரிலோ பிறேக்கிலோ எந்திரத்திலோ நோய் இருக்கிறது என்பது பொருள்.

இரண்டாவது, டயரின் காற்றை மாதம் இருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் பெற்றோலையும் தின்னும்; வளைவில் தன்னையும் தின்னும்.

மூன்றாவது, கூரைமேல் வெறுமனே பூட்டிய சட்டத்தையும் பின்னால் ஏற்றி மறந்துபோன மூட்டையையும் இறக்குங்கள். மலையில் ஒவ்வொரு கிலோவும் தூக்குகூலி கேட்கும்.

நான்காவது, ஹைபிரிட் வண்டியாயின் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுவழியைத் தூசியின்றி வைத்திருங்கள். வெப்பமே அதன் முதற் பகை.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் பெரியது. ஒரே வழியில் ஒரே நேரத்தில் தனித்தனி வண்டியிற் போகும் நான்கு ஆசிரியர்கள் ஒரே வண்டியிற் போவார்களாயின், மேலே கண்ட 45 ரூபா ஆளுக்குப் பதினொன்றேகாலாகக் குறைகிறது. எந்த யப்பானியப் பொறியியலாளராலும் கண்டுபிடிக்க முடியாத சிக்கனம் இது. கொழும்புக்குத் தனியே போகிறவருக்கு 1924ஆம் ஆண்டு முதல் பதுளைக்கு வந்து நிற்கும் புகையிரதப் பாதையும் உண்டென்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

வண்டி வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாங்கத்தக்கவர் வாங்குக, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையும் கோயிலும் கண்டு மகிழ்க. ஆனால் கையொப்பம் இடுவதற்கு முதல் நாள் இரவு, வீட்டார் எல்லோரும் அமர்ந்து ஒரு தாளில் இவ்வைந்து வரிகளை எழுதுங்கள்: பெற்றோல், பராமரிப்பு, காப்புறுதி, ஒதுக்கு, தவணை. கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவைக் காணுங்கள். அத்தொகையை ஆறு மாதம் வங்கியில் இட்டுப் பாருங்கள். இடர்ப்படாமல் இட முடிந்தால் வண்டி உங்களுடையது. முற்பணத்துக்கும் அது உதவும். இட முடியாவிட்டால், தாயின் சேமலாப நிதி தாயின் பெயரிலேயே இருக்கட்டும்.